இளிவரல் வாரம்

— கையை எடுங்கம்மா. குத்தி வெச்சிருக்கிறது படிக்கிறதுக்கு, கிழிக்கிறதுக்கு இல்ல.

— கிழிக்காம கும்பிடச் சொல்றீங்களா சார் இதை? நீங்க யாரு மொதல்ல?

— இந்த நூலகத்து மாடியில சனிக்கிழமை தோறும் கதை எழுதக் கத்துக் குடுக்கிறவன். இந்தப் பலகையில இருக்கிறது பூரா என் வகுப்புப் பிள்ளைங்க எழுதினது. பிள்ளைங்கன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இல்ல. பேரன் எடுத்தவங்களும் இருக்காங்க. நீங்க?

— எதிர்ல ஜவுளிக்கடை இருக்கே, அங்க வாங்கின துணியை அளவுக்கு ஆல்ட்டர் பண்ணித் தைக்கிறவ. என் பொண்ணு எடுத்துட்டு வந்த புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன். வந்த இடத்துல கண்ணு இதுல போயி விழணுமா. ச்சீ. அந்த ஏழாம் நம்பர் போட்ட கதையை மட்டும் எடுத்திடுங்க. மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.

— ஏழாம் நம்பர் என்ன பண்ணுச்சு உங்களை?

— அது நான்.

— எது?

— அதுல வர்ற பொம்பளை. அவ பேசுறது பூரா நான் பேசினது. என் அக்காகிட்ட போன்ல பேசினது. யாரோ ஒட்டுக் கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்க, நீங்க அதுக்கு ஊசி குத்தித் தொங்க விட்டிருக்கீங்க.

— அப்படி இந்த நாற்காலியில உட்காருங்கம்மா. இது எனக்குப் புதுசு இல்ல. போன தடவை ஒரு குடிகாரன் கதை வெச்சிருந்தோம். அது என்னைப் பத்தின கதைன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் எழுதினவரைத் தெரியாது. கதைன்னா அப்படித்தான், படிக்கிறவன் தன் முகத்தை அதுல...

— பாடம் நடத்தாதீங்க சார். ரெண்டாவது பக்கம் நான் திருப்பவே இல்ல. திருப்பாம சொல்றேன், நீங்க பார்த்துக்கிட்டே வாங்க. "முகம் துடைச்ச துண்டாலயே காலைத் துடைப்பான், அந்தத் துண்டைக் கொண்டாந்து என் துண்டு மேல போடுவான். நான் அதை ரெண்டு விரல்ல தூக்குவேன், செத்த எலியைத் தூக்குற மாதிரி." இருக்கா?

— ... இருக்கு.

— "சாப்பிட்டு எழுந்ததும் பல்லு இடுக்குல நாக்கை விட்டு உறிஞ்சுவான் பாரு, அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வந்து என் கழுத்துல ஒட்டும்." அதுவும் இருக்கணுமே.

— கொஞ்சம் கீழ இருக்கு. கழுத்துல ஒட்டும்கிறது நல்ல வார்த்தைன்னு பென்சில்ல கோடு கூடப் போட்டிருக்கேன்.

— கோடு வேற போட்டீங்களா. அது என் வயித்தெரிச்சல் சார். ஒரு பொம்பளை கூடப் பிறந்தவகிட்ட கதவைச் சாத்திக்கிட்டுக் கொட்டினது. அதை ஒருத்தன் அள்ளிக்கிட்டு வர்றான், இன்னொருத்தர் அதுல கோடு போட்டு மார்க் குடுக்கிறார். எச்சில் இலையைப் பொறுக்கிறவங்க கூட இலையை மட்டும்தான் எடுப்பாங்க.

— மார்க்கெல்லாம் குடுக்கிறதில்ல.

— யாரு எழுதினதுன்னு சொல்லுங்க.

— அதுதான் முடியாது. நம்பர் போட்டிருக்கிறதே அதுக்குத்தான். ஆரம்பத்துல பேர் போட்டுத்தான் வெச்சோம். என்ன எழுதிட்டு வந்தாங்க தெரியுமா? நிலா. மழை. அம்மாவோட தியாகம். பேர் போட்டா வீட்ல படிச்சிடுவாங்க, ஆபீஸ்ல படிச்சிடுவாங்கன்னு பயம். எல்லாரும் நல்லவங்களாவே எழுதினாங்கம்மா. எனக்கு அதுதான் குமட்டுச்சு. இருவது கதையில ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. பேரை எடுத்துட்டு நம்பர் குடுத்தேன். யார் என்ன வேலை, யார் வீடு எங்கன்னு வகுப்புல யாரும் கேட்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். அவங்களாச் சொன்னாத்தான் உண்டு, இல்லேன்னா எனக்கே தெரியாது. அதுக்கப்புறம்தான் மனுஷங்க வாயைத் திறந்தாங்க.

— அவங்க வாயைத் திறக்கல. என் வாயைத் திறந்திருக்காங்க.

— சரி, அது போகட்டும். இது எதுக்காக எழுதினதுன்னு தெரிஞ்சா உங்க கோபம் ஆறும். வாரத்துக்கு ஒரு மெய்ப்பாடு குடுப்பேன். நம்ம மொழியில மனுஷனோட உணர்ச்சியை எட்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. சிரிப்பு ஒரு வாரம், அழுகை ஒரு வாரம். மூணாவது இளிவரல்.

— அப்படின்னா?

— அருவருப்பு. அதோட பழைய பேரு.

— அருவருப்பு எழுத வகுப்பு நடக்குதா. தெரியாம போச்சு சார். நானே வந்து பாடம் எடுத்திருப்பேன்.

— கிண்டல் பண்ணாதீங்க. சிரிக்க வைக்கிறதைவிட அது கஷ்டம். அந்த வாரம் வந்த கதைங்களை நீங்க படிச்சிருக்கணும். ஒருத்தர் கரப்பான் பூச்சி. ஒருத்தர் ஆஸ்பத்திரிக் கழிப்பறை. ஒரு அம்மா மூக்கொழுகுற குழந்தையை மூணு பக்கத்துக்கு ஒழுக விட்டிருந்தாங்க. எல்லாத்துலயும் வரிக்கு வரி குமட்டுச்சு, குமட்டுச்சு, குமட்டுச்சு. குமட்டுச்சுன்னு எழுதினா படிக்கிறவனுக்குக் குமட்டாது, எழுதினவருக்குத்தான் குமட்டியிருக்கும். இதெல்லாம் அழுக்கு, சோப்புப் போட்டா போயிடும், சோப்புப் போட்டாலும் போகாததை எழுதிட்டு வாங்கன்னு அத்தனையையும் திருப்பிக் குடுத்தேன். அடுத்த வாரம் இந்த ஏழாம் நம்பர் வந்துச்சு. படிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, பாராட்டாச் சொல்றேன்.

— பாராட்டை நீங்களே வெச்சுக்கங்க. எனக்குக் காகிதம் வேணும்.

— எழுதினவங்க சம்மதம் இல்லாம எடுக்க முடியாது. வகுப்பு ஆரம்பிக்கிற நேரம்தான். வந்ததும் தனியாக் கூப்பிட்டுச் சொல்றேன்.

— அதுக்குள்ள என் பொண்ணு வந்திடுவா சார்.

— யாரு?

— என் பொண்ணு. டியூஷன் முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவா. வீட்ல டிவி சத்தம்னு சொல்லி இந்தக் கீழ் ரூம்லதான் உக்காந்து படிக்கிறா. பெரிய பரீட்சை வருது. இந்த வாசப்படியில ஏறினா மொதல்ல இந்தப் பலகைதான் கண்ணுல படும். அதுல என்ன எழுதியிருக்கு? "பரீட்சை முடியட்டும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன், முடிஞ்ச மறுநாள் இந்த ஆள் மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஒரு மாடி ரூம் பார்த்துட்டேன்." அவ பரீட்சையே என்னை இங்க கட்டிப் போட்டிருக்கிற கயிறுன்னு அவ படிக்கணுமா? படிச்சா எழுதுவாளா? ஃபெயில் ஆனா யாரைக் கேட்கிறது? உங்க எட்டு மெய்ப்பாடு வந்து பரீட்சை எழுதுமா?

— இந்தப் பலகை நேத்து வரைக்கும் மாடியிலதாம்மா இருந்துச்சு. நாலு பேர் கண்ணுல படட்டும்னு நூலகத்து அம்மாதான் இன்னிக்குக் காலையில கீழ இறக்கி வெச்சிருக்காங்க. அதுவும் போக, உங்க பொண்ணுக்கு எப்படித் தெரியும்? கதையில அந்தம்மா நர்ஸு. நீங்க தையல். கதையில பையன். உங்களுக்குப் பொண்ணு. புருஷன் லாரி டிரைவர். உங்க வீட்டுக்காரர்?

— குழாய் வேலை. புதுக் கட்டடத்துக்கெல்லாம் பைப் போடுறது.

— பாருங்க. எல்லாத்தையும் மாத்தியிருக்காங்க.

— நாத்தம் மாறலையே சார். என் பொண்ணு அந்த வீட்லதானே மூச்சு விடுறா. தொண்டையைக் காறிக் காறித் தெருவையே எழுப்புற அந்தச் சத்தத்துலதான் அவளும் காலையில கண்ணு முழிச்சு வளர்ந்தா. நகத்தை வெட்டிப் படுக்கையிலயே விட்டுட்டுப் போறது, ஒரு நாள் என் தலைமுடியில கால் நகம் சிக்கியிருந்தது, அதை எடுத்ததே அவதான். சிரிச்சிக்கிட்டே எடுத்தா. நான் போயி வாந்தி எடுத்தேன். நர்ஸுன்னு போட்டா என்ன, அந்த நகம் நகமாத்தானே இருக்கு.

— உங்க வீட்டுக்காரர் படிச்சிடுவாரேன்னு பயம் இல்லையா?

— அவரா? அவருக்கு எழுத்துன்னா தேதி கிழிக்கிற காலண்டர்தான். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என்னிக்குன்னு என்னைத்தான் கேட்பார். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் சைட்ல ஓவர்டைம். அன்னிக்கு ஒரு நாள்தான் நான் வீட்டுல நிம்மதியா மூச்சு விடுறேன். அவர் பக்கம் எனக்குப் பயம் இல்ல. பொண்ணுதான்.

— ஒண்ணு கேட்கட்டுமா? வகுப்புல எல்லாரும் கேட்டதுதான். அவர் அடிப்பாரா?

— இல்ல.

— குடி?

— தொட மாட்டார்.

— வேற யாராவது...

— ஒரு மண்ணும் கிடையாது. அதான் சார் கொடுமை. அடிச்சாருன்னா அடிச்சாருன்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம். பல்லை உறிஞ்சுறார்னு எந்தக் கோர்ட்ல போயி சொல்றது? எங்க அம்மாகிட்ட சொன்னேன். உங்கப்பா குறட்டைக்கு நான் எத்தனை வருஷம் முழிச்சிருந்தேன் தெரியுமான்னு ஆரம்பிச்சிட்டாங்க. வேலை நாத்தத்தை நான் என்னிக்கும் சொன்னதில்ல. சாக்கடையில கையை விட்டுட்டு வந்தாலும் அது சோறு போடுற நாத்தம், சோப்புப் போட்டுக் குளிச்சா போயிடும். இது அது இல்ல. அவர் கை தெரியாத்தனமா மேல பட்டாக் கூட என் தோலை உரிச்சுக் கொடியில போடணும் போல இருக்கும். எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு எனக்கே தெரியல. ஒரு காலத்துல அதே கையில சோறு வாங்கித் தின்னவதானே நான். அதை நினைச்சா இன்னும் குமட்டுது.

— இதை எழுதியிருக்கலாம்மா. அந்தக் கடைசி வரி கதையில இல்ல.

— தூ. மனுஷி அழுறா, உங்களுக்கு வரி.

— மன்னிச்சிடுங்க. பழக்க தோஷம். அச்சாபீஸ்ல பிழை திருத்திக்கிட்டு இருந்தவன் நான், சாவுச் செய்தியிலயும் கால் புள்ளிதான் மொதல்ல கண்ணுல படும்.

— அது என்ன வகுப்புல எல்லாரும் கேட்டாங்கன்னீங்க? என்னை நடுவுல உக்கார வெச்சுப் பேசினீங்களா?

— உங்களை இல்ல, கதையை. ஒருத்தர் படிப்பார், மத்தவங்க பேசுவாங்க, எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாது. அது எங்க முறை.

— என்ன பேசினாங்க?

— விட்டுடுங்க.

— சொல்லுங்க. இவ்வளவு ஆச்சு.

— பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர், இந்தப் பொம்பளைக்கு உடம்பு பூரா கொழுப்புன்னார். ஒரு காலேஜ் பொண்ணு, இவளை மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்னுச்சு. கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆன ஒரு அம்மா கடைசியில எழுந்து போயி முகம் கழுவிட்டு வந்தாங்க.

— கொழுப்பாமா. அந்த ஆளை ஒரு ராத்திரி எங்க வீட்டுத் தலையணையில தலை வைக்கச் சொல்லுங்க. உறையில மஞ்சளா ஒரு வட்டம், துவைக்கத் துவைக்க வரும். காத்து வரலைன்னு பொய் சொல்லிட்டு நான் கால்மாட்டுல தலை வெச்சுப் படுக்க ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு... சார், அதுவும் எழுதியிருக்கா?

— எழுதியிருக்கு. "அவள் காற்றுக்காகத் திரும்பிப் படுத்தாள்"னு ஒரே வரி. அதுக்கு மேல விளக்கல. அதான் நான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது.

— யாரு சார் இந்த எழுதினவங்க? குள்ளமா, சிவப்பா, எதுக்கெடுத்தாலும் "ஐயோ அக்கா"ம்பாளே, பட்டன் வைக்கிறவ, அவதானே? கடையில என் மெஷினுக்குப் பின்னாடிதான் உக்காருவா. காது ரெண்டும் என் முதுகுலதான் இருக்கும்.

— யாருன்னு கேட்காதீங்கன்னு சொல்லிட்டேன்.

— நாளைக்குக் கடைக்கு வரட்டும், ஊசியை வேற இடத்துல குத்துறேன்.

— அவசரப்படாதீங்க. ஒண்ணு சொல்றேன், அதுல ஒண்ணும் விதி மீறல் இல்ல. இந்தப் புருஷன்காரன்கிட்ட ஒரு நல்லது கூட இல்லையா, ஒரு பக்கமாவே போகுதேன்னு எழுதினவங்ககிட்ட கேட்டேன். கதை கத்துக்க வந்த யாரும் அந்தப் பதிலைச் சொன்னதில்ல. "அவ கண்ணுக்கு என்ன படுதோ அதைத்தான் எழுத முடியும். அவன் நல்லவன்னு நடுவுல போயிச் சொல்ல நான் யாரு"ன்னாங்க. நான் பத்து வருஷமா சொல்லிக் குடுக்கிறது, அவங்க சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— பட்டன் வைக்கிறவளுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

— நான் அவங்கன்னு சொல்லலையே.

— இருங்க. இருங்க சார். அந்த டம்ளர் விஷயமும் எழுதியிருக்கா?

— மூணாம் பக்கம். தன்னோட டம்ளருக்கு அடியில நகப் பாலிஷ் வெச்சு ஒரு பொட்டு வைக்கிறா. அவன் எச்சில் பட்டதுல தெரியாமக் கூட வாய் வெச்சிடக் கூடாதுன்னு.

— அதைக் கடையில நான் பேசவே இல்ல.

— நல்லா யோசிங்க.

— துண்டு, பல்லு, நகம் எல்லாம் கடையிலேருந்தும் அக்காகிட்ட போன்ல பேசியிருக்கேன். டம்ளரைப் பேசினது வீட்ல. குளியலறையில கதவைச் சாத்தி, குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, அப்பதான் அக்காகிட்ட சொன்னேன். மாடி ரூம் விஷயமும் அன்னிக்குத்தான். பொண்ணு டியூஷன்ல இருந்தா. வீட்ல ஈ காக்கா இல்ல. அப்ப பட்டன்காரி இல்ல. பக்கத்து வீட்டு அம்மா. அவங்க துணி காயப் போடுற இடத்துக்கு எங்க ஜன்னல் தெரியும். ஐயோ, தெனமும் மூஞ்சியில சிரிக்கிறாங்களே சார்.

— நீங்க கடைசிப் பக்கம் படிச்சீங்களா?

— கிழிக்கப் போனேன், நீங்க வந்துட்டீங்க.

— யார் கேட்டாங்கன்னு கதையிலயே இருக்கு. கடைசிப் பக்கம் மட்டும் அவ பக்கம் இல்ல, புருஷன் பக்கம். எனக்கு அதுதான் பிடிக்கல. அதை வெட்டிடுங்க, கதை மூணாம் பக்கத்துலயே முடிஞ்சிடுச்சுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். சொன்னதெல்லாம் கேட்டவங்க அதை மட்டும் கேட்கல. அப்படியே இருக்கட்டும்னாங்க.

— படிங்க.

— நீங்களே படிங்களேன்.

— கண்ணு மறைக்குது. நீங்க படிங்க.

— "குளியலறைக் கழிவுக் குழாய் கசிகிறது என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அவன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். அவளிடம் சொல்லாமல் பின்பக்கச் சந்துக்குப் போய்க் குழாயைக் கழற்றினான். மேலே ஜன்னல் திறந்திருந்தது. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் பேச்சைக் கேட்பது அவனுக்குப் பழகிய வேலை." இந்த இடம்தான். இங்கதான் சறுக்கிட்டாங்க.

— என்ன சறுக்கல்?

— மூணு பக்கமா அவன் லாரி டிரைவர். டிரைவர் எதுக்குச் சந்துல இறங்கிக் குழாய் கழட்டுறான்? தண்ணிச் சத்தத்துக்கு நடுவுல பேச்சுக் கேட்கிறது ஒரு டிரைவருக்கு எங்கேருந்து பழகும்? கத்துக்குட்டிங்க எல்லாரும் பண்ற தப்பு. வேஷம் போட்டு விட்டுட்டு, கடைசியில வேஷம் போட்டதையே மறந்துடுவாங்க. வட்டம் போட்டுக் காட்டினேன், சரின்னு தலையாட்டிட்டுத் திருத்தாமயே குடுத்துட்டாங்க.

— மேல படிங்க.

— "முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு கேவலமான ஆள் என்று நினைத்து அவனும் முகம் சுளித்தான். டம்ளர் வந்தபோதுதான் தெரிந்தது. கழற்றிய குழாயைக் கையில் பிடித்தபடி நின்றான். மாட்டினால் சத்தம் கேட்கும். அவள் பேசி முடிக்கும் வரைக்கும், அவள் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் அவன் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது." அவ்வளவுதான். முடிஞ்சுது. யாராவது நம்புவாங்களாம்மா? ஒரு ஆம்பளை இத்தனையும் காதால கேட்டுட்டு, உள்ள போயி ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? ஒரு தட்டையாவது தூக்கி எறிய மாட்டானா? அப்படியும் ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்னம்மா, என்ன ஆச்சு?

— கசிவு நின்னுடுச்சு சார்.

— எது?

— எங்க வீட்டுக் குழாய். எத்தனையோ நாளாக் கசிஞ்சிக்கிட்டு இருந்தது. ஒரு நாள் பார்த்தா கசியல. யாரு சரி பண்ணினதுன்னு நான் கேட்கக் கூட இல்ல.

— அம்மா.

— நம்பரெல்லாம் இனிமே வேண்டாம் சார்.

— எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. பின்வரிசையில உட்காருவார், கூப்பிட்டாத்தான் பேசுவார். பொம்பளை குரல்ல இவ்வளவு கச்சிதமா எழுதறாரேன்னு நான் எல்லார் முன்னாடியும் கையைத் தட்டினேன். எழுந்து நின்னு கும்பிட்டார் அந்த மனுஷன். நான் தட்டினேன்.

— கும்பிட்டாரா?

— ஆமா.

— இந்த மாசம் பூரா துண்டைத் தனியாக் காயப் போடுறார். பல்லுச் சத்தம் இல்ல. காலையில எழுந்து தெருக்கோடி வரைக்கும் நடந்து போயி, அங்க காறிட்டு வர்றார் போல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வெளிய எவளோ ஒருத்தி இவருக்குச் சுத்தம் கத்துக் குடுத்திருக்கான்னு நினைச்சேன். அதையும் அக்காகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அந்த மூஞ்சிக்கு ஒருத்தின்னு சிரிச்சேன் சார். ச்சீ. நானெல்லாம் ஒரு மனுஷி.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம். எந்த டம்ளரைப் பார்த்தாலும் எனக்கு இப்ப குமட்டும். கூடவே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இவ்வளவும் தெரிஞ்சதும் மனசு இளகிடும்னு நினைப்பீங்க. இளகல. பாவமா இருக்கு, அழுகை வருது, ஆனா அந்தக் கை இப்ப வந்து தோள்ல பட்டா எனக்கு அப்பவும் உடம்பு கூசத்தான் செய்யும். அதுதான் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு. இதுக்கு என்ன வாரம் சார் வெச்சிருக்கீங்க?

— இதுக்கு என்கிட்ட பாடம் இல்லம்மா. இந்தாங்க. நாலு பக்கமும் எடுத்துட்டேன். விதி கிடக்கட்டும், நீங்களே கொண்டு போங்க. அவர் வர்ற நேரம். பின்பக்கம் சைக்கிள் ஷெட்டு வழியாப் போயிடுங்க. நீங்க வந்ததாவே நான் காட்டிக்க மாட்டேன்.

— சரி சார். அவர் கேட்டா...

— ஐயா, பலகையை எதுக்குக் கீழ இறக்கினீங்க? இது என் பொண்ணு வர்ற இடம், நான் மாடியில மாட்டறதுக்குத்தானே சரின்னு... நீயா? நீ எங்க இங்க?

— புத்தகம் திருப்பிக் குடுக்க வந்தேன்.

— கையில என்ன?

— நீங்க எழுதினது. படிச்சிட்டேன்.

— கடைசிப் பக்கமுமா?

— சார் படிச்சுக் காட்டினார்.

— நான் மேல போயி நாற்காலி போடுறேன். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. பொண்ணு வந்தா நான் பார்த்துக்கிறேன்.

— ஏதாவது சொல்லுங்களேன். திட்டுங்க. இந்தக் காகிதத்தால என் மூஞ்சியில அடிங்க. இப்படி நிக்காதீங்க, இதைப் பார்த்தாத்தான் எனக்கு இன்னும் எரியுது.

— சத்தம் போடாத. நூலகம்.

— எதுக்கு எழுதினீங்க? என்னை அசிங்கப்படுத்தவா?

— இல்ல. நீ பேசினது பூரா உள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுல ஒண்ணாவது பொய்யா இருக்குமான்னு எழுதிப் பார்த்தேன். ஒண்ணும் பொய் இல்ல.

— நான் போறேன்னு சொன்னதும் கேட்டுச்சுல்ல. அதுக்காவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

— பரீட்சை முடியட்டும்னு நீ சொன்னது சரிதான். அதுவரைக்கும் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். ஆனா அந்த மாடி ரூம் வேண்டாம். நான் போயிப் பார்த்தேன், அங்க மேல தண்ணி ஏறாது. நீ ரெண்டு வேளை குளிக்கிறவ.